பளபளத்த பாட்டில்கள்

என் அக்கா புருஷனை ஊரே 'பாட்டில்' என்றுதான் கூப்பிடும். சாராயம் ஒரு சொட்டு தொடாத மனிதர், பெயர் வேலையால் வந்தது. தேங்கும் தண்ணீர் வடிய எங்கள் வயல்களுக்கு அடியில் குழாய் புதைத்திருக்கிறோம். மழை விட்டதும் ஒவ்வொரு குழாய் வாயிலும் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார். உரத்தில் இருக்கும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதோடு எவ்வளவு ஓடிப்போய் ஏரியில் பாசியை வளர்க்கிறது என்று அளக்கும் உத்தியோகம். அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் நாற்பது பாட்டில். ஒரு நாள் தாகத்துக்கு ஒன்றைக் குடித்துவிட்டேன். "ஐயையோ, அது யாரு வயலு?" என்று பதறினார். எனக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

இந்த முறை எல்லார் குழாயிலும் அளவு எகிறிவிட்டது. என்னுடையது முதலிடம், பள்ளிக்கூடத்தில்கூட நான் வாங்காத இடம். அளவு மீறிய குழாய்களைப் பருவம் முழுக்க மூடுவது என்று விவசாயிகள் சங்கம் முடிவெடுத்தது. மூடினால் தண்ணீர் நிற்கும், முழங்கால் உயரச் சோளம் வேரோடு அழுகும். அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, சொந்த மச்சான் குடியைக் கெடுக்கத்தான் இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பிடிச்சீங்களா?"

"தண்ணிக்கு மாமன் மச்சான் தெரியுமாடா? மழை வர்ற நேரத்துல உரத்தை மேலாகத் தூவாத, மண்ணுக்குள்ள போடுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. தூவுனியா?"

"சத்தியமா இல்ல!"

வாய் முந்திக்கொண்டது. தூவியிருந்தேன். மழைக்கு முந்தின நாள் சாயங்காலம், வேலை மிச்சம் என்று. பாதி உரம் இன்னும் மண்மேலேயே கிடந்தது.

அக்கா எனக்குப் பரிந்து வந்தாள். "அவன் இல்லன்னா இல்லதான். நீங்க என்னத்தப் பிடிச்சீங்களோ! பாட்டிலெல்லாம் அழுக்கா கெடந்துச்சு, நான்தான் சோப்புத்தூள் போட்டு பளபளன்னு கழுவி வெச்சேன். ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னீங்களா?"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தூளிலேயே மணிச்சத்து இருக்கிறதாம். சும்மா சோதனைக்கு நல்ல தண்ணீர் ஊற்றிய பாட்டில்கூட அளவு காட்டியதை, மெஷின் கோளாறு என்று விட்டிருக்கிறார்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றார். "பாட்டில் கழுவுனதுல தப்பு. என் தப்பு. மறுபடி பிடிக்கணும். அதுவரைக்கும் குழாயை மூட வேண்டாம்."

அக்கா பேரை எடுக்கவே இல்லை. இருபது வருஷம் தண்ணி பிடிச்சவருக்குப் பாட்டில் கழுவத் தெரியலையா என்று ஊரே சிரித்தது. சங்கத் தலைவர், "உங்க மச்சான் வயலுக்காகத்தானே இதெல்லாம்?" என்றார்.

"என் மச்சான் தூவலன்னு சத்தியம் பண்ணிருக்கான். அவன் பொய் சொல்ல மாட்டான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி.

அடுத்த மழைக்குப் புதுப் பாட்டிலில் பிடித்தார்கள். எல்லார் அளவும் சொன்ன பேச்சு கேட்டு இறங்கிவிட்டது. ஒன்றே ஒன்று தவிர. பட்டியலை வாசித்த மாமா என் பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அதையே வாசித்தார். என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

"தூவுனேன் மாமா," என்றேன், எல்லார் முன்னாலும்.

சாயங்காலம் என் குழாயை மூட அவரே பலகை தூக்கி வந்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.