அண்ணி வேலைக்குப் போன நாள்

அந்தப் பெட்டி முதன்முதலாகப் பேசியபோது அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பா கண் விழித்திருக்கிறார்" என்றது ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதுபோல் திருத்தமான தமிழில். அண்ணி திரும்பிப் பார்க்காமல், "தெரியும்" என்றார்.

வாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்து பேச்சும் குழறிப்போனதிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டது அண்ணிதான். அண்ணனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. எனக்கு ஸ்ரீபெரும்புதூரில், போன் பாகங்கள் செய்யும் இடத்தில். வாலாஜாபாத் வீட்டில் பெரும்பாலும் அண்ணியும் அப்பாவும் மட்டும்தான். கேமராவும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த அந்தப் பெட்டியை, அண்ணிக்கு வேலை குறையும் என்று நம்பித்தான் நாங்கள் வாங்கி வைத்தோம்.

அது கெட்டிக்காரப் பெட்டி. சில வாரங்களில் அப்பாவின் பழக்கமெல்லாம் அதற்கு அத்துப்படியாகிவிட்டது. மாத்திரை நேரம், புரட்டிப் படுக்கவைக்கும் நேரம், துணி நனைந்து அவர் நெளிவது என எல்லாவற்றையும் எங்கள் மூன்று பேர் போனுக்கும் சொன்னது. டீ இடைவேளையில் அந்தச் சேதிகளைப் பார்த்துவிட்டு அண்ணனும் நானும் தனித்தனியாக அண்ணியைக் கூப்பிடுவோம்: மாத்திரை கொடுத்தாச்சா, துணி மாற்றியாச்சா. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருவருக்கும் பதில் சொல்வார். அப்பாவைக் கவனிப்பதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று ஒரு திருப்தி எங்களுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அண்ணி, வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருப்பதாகவும் மறுநாளே சேரப்போவதாகவும் சொன்னார். அப்பாவை யார் பார்ப்பது என்று அண்ணன் கேட்டார்.

"அது பாக்குது, சொல்லுது. நீங்களும் பாக்கறீங்க, சொல்றீங்க. செய்யறது நான் ஒருத்திதான். இனிமே ஷிஃப்ட்டு பாத்து யார் வூட்ல கீறாங்களோ அவங்க செய்யட்டும்."

குரல் உயரவில்லை. தன் போனை எடுத்து அந்தச் சேதிகளை நிறுத்திவிட்டு, குழம்பை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

அந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். பகலில் வீட்டில் இருந்தேன். அண்ணி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அப்பாவின் துணி நனைந்திருப்பதாகப் பெட்டி சொன்னது. எங்கே பிடித்துத் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன். பேக்கிங் நடக்கும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள் போலும், எடுக்கவில்லை. பெட்டியையே கேட்டேன். படிப்படியாக, நிதானமாக விளக்கியது. அப்படிச் செய்தபோதும் அப்பா வலியில் முனகினார். பிறகு நல்ல கையால் இடுப்புக்குக் கீழே தட்டிக் காட்டினார். அங்கே பிடித்தேன். நான் துணியை அவிழ்த்ததும் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் வேறெங்கோ பார்த்தபடிதான் செய்து முடித்தேன். இப்போது அண்ணனுக்கும் எனக்கும் கை பழகிவிட்டது. அப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

அந்த முதல் நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அண்ணி, மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. கால் கழுவிக்கொண்டு வந்து, "சோறு கீதா, தம்பி?" என்றார். போட்டுக் கொடுத்தேன். அவர் இந்த வீட்டுக்கு வந்து பல வருடங்கள். இன்னொருவர் பரிமாற அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.