ஒரே டப்பாவில் இரண்டு இருமல்: பாலகாட் போய்வந்தது

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, காலை 10.25. மாரிகுப்பம் ஸ்டேஷன். பையில் காலிச் சளி டப்பாக்கள்: இரண்டு.

கோலார் தங்கவயலுக்கு எல்லாரும் பழைய சுரங்கம் பார்க்க வருகிறார்கள். நான் போனது தங்கவயலின் ஒரு பகுதியான பாலகாட்டில் இருக்கும் பெரியப்பாவின் இருமலுக்காக. இங்குள்ள மருத்துவமனையில் அவர் சளியில் செய்த மரபணுச் சோதனையில், காசநோய்க் கிருமி மிகக் குறைவாக இருப்பதாகவும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்று சொல்ல முடியவில்லை என்றும் வந்திருந்தது. அடங்கினால் வழக்கமான ஆறு மாத மாத்திரை. அடங்காவிட்டால் சிகிச்சையே வேறு. பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் இதே சோதனை செய்யும் கருவியில்தான் நான் வேலை செய்கிறேன். வீடே அதிர இருமுகிறவருக்கு 'மிகக் குறைவு' என்றால் நம்புவேனா?

காலையில் ஊரே பெங்களூருக்கு வேலைக்குப் போவதால், எதிர்த்திசை ரயிலில் படுத்துக்கொண்டே வரலாம். பங்காருப்பேட்டைக்குப் பிறகு 16 கி.மீ. ஊர்ந்தது. பாலகாட்டுக்கு ஆட்டோ 80 ரூபாய்.

"இன்னா சார், சுரங்க ஷாஃப்ட் பாக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, சளி எடுக்க."

"அத்த எங்க ஊர்ல தேடவே வாணாம் சார்!"

வீட்டுக்குப் போனதும் கேட்டேன்: "போன தடவை எப்படிக் கொடுத்தீங்க?"

பெரியப்பா சுரங்கத்தில் சாம்பிள் எடுத்தவர். பாறையைப் பல இடத்தில் உடைத்து, ஒன்றாய்க் கலந்து, தங்கம் எவ்வளவு என்று பார்க்க அனுப்புகிற வேலை.

"உங்க பெரிம்மாவும் இருமிக்கினு இருந்தா. ரெண்டு பேருதையும் கலந்து குட்த்தேன். ஒரே எடத்துல எடுத்தா அது சாம்பிளாடா?"

கத்திவிட்டேன். பெரியம்மாவின் எச்சில் கலந்து கிருமி நீர்த்துப்போயிருக்கிறது. அதனால்தான் கருவியால் முடிவு சொல்ல முடியவில்லை.

இருவரையும் வாசலில் காற்றோட்டமாகத் தனித்தனியே இருமச் சொல்லி, டப்பாக்களில் பெயர் எழுதி, மருத்துவமனையில் கொடுத்தேன். 12.30க்குக் கருவியில் வைத்தார்கள். 'ரெண்டு மணி நேரம்தான், சீக்கிரம் வந்துடும்' என்று எல்லாருக்கும் சொல்லிப் பழகியவன் நான். பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு நேரம் என்று தெரிந்தது.

2.20. பெரியப்பா: கிருமி நடுத்தர அளவு, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை, அதாவது அடங்கும். பெரியம்மா: கிருமி இல்லை. அப்பாடா! காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"உன் கல்லுல ஒண்ணுமே இல்லடி" என்றார் பெரியப்பா.

"அத்தப் போய்க் கலந்து குட்த்தியே, நீயெல்லாம் இன்னா சாம்பிள்காரன்!"

சோதனை வேகமானதுதான். ஆனால் டப்பாவுக்குள் என்ன போனது என்பதை அது கேட்காது. உங்கள் வீட்டில் யாராவது சளி கொடுக்கப் போனால் கூடவே நில்லுங்கள். வேண்டியது நெஞ்சிலிருந்து வரும் சளி, எச்சில் அல்ல.

இனி நான் செய்யப்போவது:

1. பெரியம்மாவுக்கும் எனக்கும் நெஞ்சு எக்ஸ்ரே. 'கிருமி இல்லை' என்று வந்ததற்காகச் சும்மா இருக்க மாட்டேன்.
2. ஆறு மாதமும் தினம் போன்: "மாத்திரை போட்டாச்சா?"
3. எங்கள் ஆய்வக டப்பா மூடிகளில் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்ட ஒரு சீட்டு: 'ஒரு டப்பா, ஒரு ஆள்.'
4. பெரியப்பாவிடம் கத்தியதற்கு மன்னிப்பு. அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார், பாறைக்கு.