வண்டியிலிருந்து எங்களை இறக்கிவிட்ட கமலவேணி அக்கா

போஜன் போனில் அதிகம் பேசுகிறவன் அல்ல. அன்று காலை கோத்தகிரியில் பள்ளி வேன்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தபோது அவன் அழைப்பு வந்தது. “மணி, அக்கா போயிட்டாங்க” என்றான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு அக்காதான். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. மகள் காபியோடு எழுப்பப் போனபோதுதான் தெரிந்ததாம். கடைசி வேனை அனுப்பிவிட்டு, மழைத் தூறலோடு குன்னூருக்குப் புறப்பட்டேன்.

கமலவேணி அக்காவை உங்களில் சிலர் வொர்க்‌ஷாப் முதலாளியாக அறிந்திருப்பீர்கள். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போய் விலையில் தோற்றுத் திரும்பியவர்களும் உண்டு. நான் அவரை ஒரு ராலி டீமின் தலைவியாக அறிவேன். மலைப்பாதையை மூடிவிட்டு, கார்களை ஒவ்வொன்றாக விட்டு, யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்று பார்க்கும் பந்தயம் அது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து, அடுத்து வரும் வளைவு எப்படிப்பட்டது என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். எங்கள் டீமில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்றை நான் ஓட்டினேன், மற்றதை போஜன் ஓட்டினான். டீமைத் தொடங்கியவர் அக்காவின் கணவர். அவர் நோயில் விழுந்து இறந்தபோது, கார்களை விற்றுவிடுவார்கள் என்றே நினைத்தோம். காரியம் முடிந்த மறுநாள் அக்கா வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். “ரெண்டு வண்டியும் ஓடும். ஓட்டறது உங்க பாடு, ஓட வெக்கறது என் பாடு” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஓட வைப்பது என்றால் பணம். டயர், பெட்ரோல், நுழைவுக் கட்டணம், மெக்கானிக் சம்பளம், வெளியூரில் தங்கும் செலவு. பரிசுப் பணத்தை நம்பி யாரும் டீம் நடத்த முடியாது. அக்கா தேயிலை ஃபேக்டரிகளாக ஏறி இறங்கினார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். “உங்க காருல எங்க பேரை எழுதறதுல எனக்கு என்னம்மா லாபம்?” என்று ஒரு முதலாளி கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை. “ஜெயிச்சா உங்க டீத்தூள் பேரு கோயமுத்தூர் பேப்பர்ல வருமுங்க. கவுந்துட்டா இன்னும் பெருசா வருமுங்க” என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே செக் புத்தகத்தை எடுத்தார். வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்து, “கவுக்கறதுக்கு இது அனுமதி இல்ல, மணி” என்றார்.

பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்தது. மலையில் இருந்த எவருக்கும் அந்த வருடங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பறிக்கிற கூலிக்கே கட்டாமல் பலர் இலையைச் செடியிலேயே விட்டார்கள். சில ஃபேக்டரிகள் மூடின. காரில் பெயர் எழுதக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்? கதவுகளில் இருந்த பெயர்களை நாங்களே தின்னர் தொட்டுத் துடைத்தோம். அக்காவும் எங்களோடு உட்கார்ந்து துடைத்தார். ஒரு காரை விற்று மற்றதை வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஒரு காரில் ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான்.

மூத்தவன் என்ற முறையில் அது எனக்கு என்றே இருந்தேன். அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து ஒரு மில் அதிபர் அக்காவைப் பார்க்க வந்தார். மகன் கௌதமுக்கு ராலி ஓட்ட ஆசை என்றும், அவனுக்கு இருக்கையைக் கொடுத்தால் அந்த ஆண்டுக்கான முழுச் செலவையும் தானே ஏற்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அக்கா அரவேணுவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. என் மனைவி கைக்குழந்தையோடு உள்ளே இருந்தாள். அக்கா குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“வண்டியை இந்த வருசம் கௌதம் ஓட்டப் போறான் மணி. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”

“அவன் என்னைவிட நல்லா ஓட்டறானுங்களா?”

“இல்ல. காசுக்காகத்தான்.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் வாதாடியிருப்பேன். கோபம் வேறு பக்கம் திரும்பியது. அவர் கணவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றேன். அக்காவின் முகம் மாறியது. ஆனால் எழுந்து போகவில்லை. நான் பேசி ஓய்ந்த பிறகு, “மெக்கானிக்குங்க ஊட்டுல எல்லாம் அடுப்பு எரியணும். அவன் பக்கத்துல உட்கார்ந்து வளைவு சொல்ல நீ வரணும். வர்றதும் வராததும் உன் இஷ்டம்” என்றார். இரண்டு நாள் கழித்துப் போனேன்.

கௌதம் நல்ல பையன். வேகமாகத்தான் ஓட்டினான். மைதானத்திலும் சமவெளிச் சாலைகளிலும் நடந்த முதல் போட்டிகளில் குறை சொல்ல முடியாத நேரம் எடுத்தான். மலைப்பாதைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, பள்ளம் இருக்கும் பக்கம் வளைவு திரும்பினால் அவன் மூச்சை நிறுத்திவிடுகிறான். கீழ் கோத்தகிரிப் பக்கம் பயிற்சி ஓட்டம் முடிந்த ஒரு நாள், காரை நிறுத்திவிட்டுச் சிரித்தபடி இறங்கினான். ஆனால் ஹெல்மெட்டின் பட்டையைக் கழற்ற அவன் விரல்களால் முடியவில்லை. அக்கா அருகில் போய் அவரே கழற்றினார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

மாலையில் நான் அக்காவிடம் போய்க் கௌதமைப் பற்றி ஆரம்பித்தேன். “தெரியும். வேற யார்கிட்டயும் பேசாதே” என்றார்.

அந்த ஆண்டின் கடைசிப் போட்டி மலைப்பாதையில், அடைமழைக் காலத்தில் வந்தது. மில் அதிபர் அதற்கு முன்பே வொர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். அடுத்த ஆண்டுக்கும் தானே பணம் தருவதாகவும், இரண்டாவது காரை மறுபடி வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. கௌதம் தந்தைக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றிருந்தான்.

“ஏனுங்க, இந்த ராலியில கௌதமை நான் ஓட்ட விடல” என்றார் அக்கா.

“எம் பையன்கிட்ட என்னம்மா குறை?”

“பையன்கிட்ட ஒரு குறையும் இல்லீங்க. இந்த மழையில இந்த வண்டியை யார் ஓட்டறதுங்கறது என் முடிவுங்க.”

“காசு என்னுது.”

“மிச்சக் காசைத் திருப்பித் தந்துடறனுங்க. வண்டி என்னுது.”

அவர் நிறையப் பேசினார். வாங்கித் தின்றுவிட்டுக் கையை விரிப்பதாகச் சொன்னார். பெண்பிள்ளை நடத்தும் டீமை நம்பியது தன் தப்பு என்றார். பையன் பயப்படுகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். அக்கா அதைச் சொல்லவில்லை. அவர்கள் கிளம்பியபோது, “இத்தனை நாளும் வண்டியை நல்லபடியா பார்த்துக்கிட்டே கண்ணு” என்று கௌதமிடம் மட்டும் சொன்னார்.

இனி இருக்கை எனக்குத்தான் என்று நினைத்தேன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “போஜன் ஓட்டட்டும். கொழந்தை பொறந்ததுல இருந்து நீ வளைவுக்கு ரொம்ப முந்தியே பிரேக் போடறே. அது தப்பில்ல. ஆனா போஜன் போடறதில்ல” என்றார். ஒரே ஆண்டில் இரண்டாவது முறையாக அவர் என்னை இறக்கினார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை அவர் பார்த்திருந்தார்.

அந்த ஆண்டு முழுக்க வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த போஜன் ஓட்ட, நான் வளைவு சொன்னேன். பாதி வழியில் முன்னணியில் இருந்தோம். பனி மூடிய இடத்தில் ஒரு டயர் கிழிந்தது. மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பரிசு எதுவும் மிச்சமில்லை. கார் முழுசாக இருந்தது, நாங்கள் இருவரும் முழுசாக இருந்தோம். அக்கா குடையோடு நின்றிருந்தார். இருவர் தோளிலும் கை வைத்து, “சாப்பிடுங்க, வாங்க” என்றார். அடுத்த மாதம் அந்தக் காரையும் விற்றார். மில்லுக்குத் திருப்பித் தர வேண்டியதையும் மெக்கானிக்குகளின் சம்பளத்தையும் தீர்த்துவிட்டு வொர்க்‌ஷாப்பை மட்டும் நடத்தினார். போஜனுக்கு பெங்களூரில் ஒரு டீமில் இடம் வாங்கித் தந்தார். என்னைப் பள்ளி வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் நரை ஓடிய ஒருவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கௌதம். இப்போது மில்லை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். எல்லாம் முடிந்த பிறகு வாசல் பக்கம் என்னோடு நின்றார்.

“அப்பா கடைசி வரைக்கும் அக்காவைத் திட்டிக்கிட்டேதாங்க இருந்தாரு. என்னால அவர்கிட்ட உண்மையைச் சொல்ல முடியல. ஆனா அக்கா என்னை வேண்டாம்னு சொன்ன அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேனுங்க. அதுக்கு முந்தி எத்தனையோ நாள் தூங்கல.”

“அக்காகிட்ட இதைச் சொன்னீங்களா?”

“சொன்னேனுங்க. ‘அப்படியா கண்ணு’ன்னாங்க. அதுக்கப்புறம் ஊட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிச்சாங்க.”

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுதச் சொன்னார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு வழக்கம். ஒருவரை இருக்கையிலிருந்து இறக்க வேண்டியிருந்தால், ஊருக்குத் தெரியும் முன் அவரிடம் நேரில் போய்ச் சொல்வது. உண்மையான காரணத்தைச் சொல்வது. அக்கா போன மறு வாரம் அப்படி ஒரு வேலை வந்தது. எங்கள் வேன் ஓட்டுநர்களில் மூத்தவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. போனில் சொன்னால் போதும் என்றார்கள் அலுவலகத்தில். நான் அவர் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அவர் எழுந்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“பால் சொசைட்டி திருப்பத்துல ஒரு பாப்பா ஏறுமுங்க. எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். புதுசா வர்றவர்கிட்ட நின்னு ஏத்திக்கச் சொல்லுங்க” என்றார்.