நகப்பூச்சு வைத்த நத்தை

நாற்றுப் பண்ணை நடத்தும் என் அக்காவுக்குப் பிடிவாதம் அதிகம். அந்தப் பண்ணையைத் தின்று தீர்க்கிற நத்தைக்கு அதைவிட அதிகம். நடுவில் தலையில் அடித்துக்கொள்வது தம்பியாகிய நான்.

வீட்டுக்குப் பின்னால், பச்சை வலைக்குக் கீழே மிளகாய், தக்காளி, கத்தரி என்று குழித்தட்டுகளில் நாற்று வளர்க்கிறாள். போன மழைக்கு முன் ஒரு லோடு மண் வாங்கினாள். அதோடு வந்து இறங்கியது அந்தச் சனியன். எங்கிருந்தோ கப்பலேறி வந்த இனமாம், உள்ளங்கை அகலம். இங்கே அதைத் தின்ன ஒரு ஜீவனும் இல்லை. அதுவோ குருத்து, தண்டு, சுவரில் அடித்த சுண்ணாம்பு வரைக்கும் தின்றது. நாற்று விற்ற காசெல்லாம் நத்தை பொறுக்க வரும் பெண்ணுக்குக் கூலி, மருந்து, மறுபடியும் விதை என்றே போனது.

போகட்டும், பொறுக்கியதையாவது ஒழித்தாளா? வாளி வாளியாகப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டினாள். அங்கே பின்வீட்டு டெய்லரின் கீரைத் தோட்டம்.

"உப்புத் தண்ணியில போட்டுத் தொலையேன்க்கா."

"உயிரோடயா? உனக்கு ஈவு இரக்கமே கிடையாதாடா?"

நாற்று சாகலாம், நத்தை சாகக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டெய்லர் மட்டும் இளிச்சவாயரா? காலையில் பார்த்தால், கொட்டியதெல்லாம் மறுபடி எங்கள் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஓடு ஓடாகப் பொட்டு வைத்துச் சுவரைத் தாண்டி அனுப்பினாள். பொட்டு வைத்தவை திரும்பி வந்ததும், ஒன்றைத் தூக்கிக்கொண்டு டெய்லர் வீட்டு வாசலுக்கே போய்விட்டாள்.

"பாருங்கண்ணே, நீங்கதானே வீசுறீங்க? நான் அடையாளம் வச்சு அனுப்பினது இது."

டெய்லர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்போ இது உங்க நத்தைன்னு ஒத்துக்கிட்டீங்க. என் கீரைக்கு யாரும்மா பதில் சொல்றது?"

அக்கா விறுக்கென்று திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்தவள், அந்த ஆத்திரத்திலும் கையில் இருந்ததைச் சுவருக்கு மேல் வீசிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மறுவாரம் வியாபாரி வண்டியோடு வந்தார். நாற்றை மொத்தமாக எடுக்க மிஞ்சியிருந்த ஒரே ஆள். நாற்றோடு நத்தை போனால் வயல்வயலாகப் பரவிவிடும், ஒன்று கண்ணில் பட்டாலும் வண்டி காலியாகத்தான் திரும்பும் என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். இந்த லோடும் நின்றுபோனால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் அக்காவும் நானும் காலையிலேயே இலை இலையாகப் புரட்டிப் பார்த்திருந்தோம். தட்டின் அடியைப் பார்க்கத்தான் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வியாபாரிக்குத் தோன்றியது. கத்தரித் தட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றார். சிவப்புப் பொட்டோடு ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பொட்டு வேற வச்சு வளர்க்கறீங்களா?"

வண்டி காலியாகவே போனது.

அக்கா அதைப் பிய்த்தெடுத்துக்கொண்டு சுவரருகே போனாள். கையை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. ஓங்கிய கை கீழே இறங்கியது. உள்ளே போய் உப்பு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"டெய்லரண்ணே! வீசாதீங்க. உங்க பக்கம் இருக்கிறதையெல்லாம் அள்ளிட்டு இங்க வாங்க. உப்பு என் செலவு."

இந்த வார்த்தையை மழைக்காலத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.