இரண்டு துண்டு மீன்

ராஜமேரிக்கு ஊர் பென்னாகரம் பக்கம், பிழைப்பு ஒகேனக்கல்லில். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினால், அருவிக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகைக்குள் அவளுடைய அடுப்பு. அருவி பார்க்க வருகிறவர்கள் கடையில் மீன் வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவார்கள். பசியோடு திரும்பும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. நீங்கள் அந்த அருவியில் எத்தனை தடவை குளித்தீர்கள் என்று யாராவது கேட்டால் சிரித்துவிடுவாள்.

கொஞ்சம் வாய் நீளம். அந்த வாய்தான் ஒரே மகனையும் துரத்தியது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன ஆண்டனி, ஐஸ்வர்யா என்ற பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அறிவிக்காத கல்யாணம் ஒரு கல்யாணமா என்று குதித்தாள் ராஜமேரி. பெண்ணின் போட்டோவை அவன் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இனிமே என் வூட்டுப் படி ஏறாத" என்றாள். அவனும் ஏறவில்லை. ஐந்து வருஷம் ஓடிவிட்டது. பேத்தி பிறந்த சேதிகூட யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

தனி ஆளாகிப் போன பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. பக்கத்து அடுப்புத் தீர்த்தம்மாள் ஒரு நாள், "ஒரு வயித்துக்கு எதுக்குக்கா வூட்டுல போயி மறுபடி அடுப்பு மூட்டறீங்க? ரெண்டு துண்டு எடுத்து வச்சா ராவுக்கு ஆச்சு. குளிச்சுட்டு வர்றவங்க எண்ணியா பாக்கறாங்க?" என்றாள். முதல் நாள் கை கூசியது. ஒரு மாதத்தில் கூச்சம் போய்விட்டது. திருட்டு என்று தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தாள்.

போன வைகாசியில் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி ஒன்றரைக் கிலோ கட்லா மீனோடு வந்தாள். மற்றவர்கள் அக்கா என்பார்கள், ஆயா என்பார்கள். இவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. குளிக்கவும் போகாமல் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து சமையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ குளிக்கப் போலயாம்மா?"

"இல்லைங்க. வூட்டுக்காரரும் பாப்பாவும் பஸ் ஸ்டாண்டுல இருக்கறாங்க. ரெடியானதும் வருவாங்க."

வறுவலை எடுக்கும்போது அந்தப் பெண் போனைப் பார்க்கக் குனிந்தாள். ராஜமேரியின் கை பழக்கத்தில் போனது. நடுத்துண்டாக இரண்டை எடுத்துப் பின்னாலிருந்த சட்டியில் போட்டு மூடினாள். நிமிர்ந்தால் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருக்கென்றது. யாரோ டூர் வந்தவள்தானே, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று கரண்டியைத் திருப்பினாள். அவள் கேட்கவில்லை. போனில், "வாங்க, ஆயிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

வந்தவன் ஆண்டனி. இடுப்பில் குழந்தை.

ராஜமேரி கரண்டியோடு எழுந்து நின்றாள். "வூட்டுப் படிதான ஏறக் கூடாதுன்ன? அடுப்புகிட்ட வரக் கூடாதுன்னு சொல்லலயேம்மா" என்றான். ஐந்து வருஷக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குழந்தையை வாங்கி முத்தம் கொடுத்தாள், அழுதாள், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கீங்களா அத்தை" என்றாள் ஐஸ்வர்யா, அன்றைக்கு முதல் தடவையாக.

ஆண்டனி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் பெண்டாட்டியிடம் பெருமை பேச ஆரம்பித்தான். "எங்கம்மா கையில குடுத்தா குடுத்தது குடுத்தபடி வரும். ஊரான் மீனுல ஒரு முள்ளக்கூடத் தொடாது. அந்தச் சோத்துல வளந்தவன் நானு."

அவன் வீட்டில் இருந்த வரைக்கும் அது உண்மைதான். ராஜமேரி தலையைக் குனிந்து, தள்ள வேண்டிய அவசியமே இல்லாத விறகை உள்ளே தள்ளினாள். இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஊரெல்லாம் வாயாடி என்று பெயரெடுத்தவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

ஐஸ்வர்யா எழுந்து போய் அந்தச் சட்டியை எடுத்து வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீங்க கை கழுவப் போனப்ப அத்தை உங்களுக்குன்னு எடுத்து வச்சாங்க. ஆறிப்போயிரும், சாப்புடுங்க."

"எனக்காம்மா?"

"ஆமாம்ப்பா" என்றாள் ராஜமேரி.

எடுத்ததைவிட அந்த ஒரு சொல்தான் இன்றைக்கும் அவளை அறுக்கிறது. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். ஐஸ்வர்யா வாரா வாரம் போன் செய்து, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று மகனைவிட அக்கறையாக விசாரிக்கிறாள். "அன்னைக்கு அந்த மீனு..." என்று ராஜமேரி ஆரம்பித்தால், "அத விடுங்க அத்தை" என்று பேச்சைக் குழந்தை பக்கம் திருப்பிவிடுகிறாள். நாலு வார்த்தை திட்டினால்கூட அழுது தீர்த்துவிடலாம்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லியாகிவிட்டது, அவரும் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். மகனிடம்தான் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டுமென்றால், தன்னைக் காப்பாற்றப் பொய் சொன்ன அந்தப் பெண்ணையும் சேர்த்தல்லவா அவனிடம் காட்டிக்கொடுக்க வேண்டும்.