மூடியின் மேல் வைத்த குங்குமம்

அந்த மெமரி அட்டையைக் கெடுத்தது நான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி வலையமைப்புக்குப் பொறுப்பாளராக இருந்தேன். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. சர்வர் அறையில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. சுவரில் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. கல்லூரிக் கணினிகளின் கேபிள்களெல்லாம் வந்து சேர்கிற இரும்புப் பெட்டி. அதற்குப் புது மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது. இருந்த மெமரி போதவில்லை. பெங்களூரிலிருந்து கூடுதல் கொள்ளளவுள்ள அட்டை ஒன்றை வரவழைத்தோம். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வெள்ளி நிற உறைக்குள் வந்தது.

பெட்டியை அணைத்தால் கல்லூரி முழுவதும் இணைப்பு போய்விடும். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் யாரும் கேள்வி கேட்காமல் அது அணைந்திருக்கும்: ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் அன்று டிராக்டரிலிருந்து தையல் மெஷின்வரை துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். கல்லூரிக்கு விடுமுறை, ஆனாலும் பூஜைக்கு ஊழியர்கள் வருவோம். அன்று காலையே அட்டையை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என்னோடு வேலை பார்த்தவர் ஆய்வக உதவியாளர். நாற்பதை நெருங்கிய பெண். கடத்தூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்க விவசாயக் குடும்பம். பதினோரு வருடமாக அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது அவர் வேலையாகவே ஆகியிருந்தது. "எங்க கோயில்ல மெழுகுவத்தி, இங்க சந்தனம். கை ஒண்ணுதானுங்களே சார்" என்பார்.

மெமரி மாற்றும் முறையை நானே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். பெட்டியின் அமைப்புகளைத் தனியாகப் பிரதி எடுத்துவை. அணை. மின்கம்பி இரண்டையும் பிடுங்கு. மணிக்கட்டுப் பட்டையைக் கட்டி, அதன் மறுமுனையைப் பெட்டியின் இரும்பில் மாட்டு. அட்டையை ஓரங்களில் மட்டும் பிடி. பள்ளம் பொருந்துகிறதா பார்த்து, இரண்டு பக்கமும் கொக்கி மூடும்வரை அழுத்து. மின்சாரம் கொடுத்து, மெமரி அளவைப் பார், சில மணி நேரம் ஓடவிடு. அதன்பிறகே வேலை முடிந்தது. அந்தப் பட்டை எதற்கென்றால், உலர்ந்த காற்றில் நம் உடம்பிலும் உடையிலும் சேர்கிற மின்சாரம் அட்டைக்குப் போகாமல் இரும்புக்குப் போய்விடும்.

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் செய்துகொண்டே வந்தேன்.

"பட்டை, சார்" என்று நீட்டினார்.

நான் பூஜைக்கு வந்த உடையில் இருந்தேன். பட்டு வேட்டி, பாலியெஸ்டர் முழுக்கைச் சட்டை. கைப்பட்டனை அவிழ்த்து, மடித்து, வாட்சைக் கழற்றிக் கட்ட வேண்டும்.

"முப்பது வருஷக் கைம்மா இது. அட்டைய எடு."

"கைக்கு வயசாச்சுன்னு கரண்டு மரியாதை குடுக்குமாங்க சார்?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் பட்டையை மேஜை இழுப்பறையில் போட்டார். ஏசி ஓடி ஓடி உலர்ந்துபோன அறை. உறையிலிருந்து அட்டையை எடுத்தபோது விரல் நுனியில் சுருக்கென்றது. என் விரல் அட்டையின் ஓரத்தில் இல்லை, பொன் நிறக் கோடுகளின் மேல் இருந்தது. அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லாமல் அட்டையைப் பொருத்தினேன். கொக்கிகள் இரண்டும் மூடின.

கடைசி வரி பாக்கி இருந்தது. அதற்குள் கல்லூரி மேலாளர் வாசலில் வந்து நின்றார். "தாளாளர் பூஜைக்குக் கிளம்பிட்டாருங்க. இனிமே எதையும் ஓட வுட்டுடாதீங்க."

ஓடவிடாமலே மூடினேன். உதவியாளர் பெட்டியைத் துடைத்து, மூடியின் நடுவில் மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். அந்த மூடியில் துளை கிடையாது. காற்றுப் போகிற துளைகள் பக்கவாட்டில்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

விஜயதசமியன்று போட்டோம். ஓடியது. மெமரி அளவும் சரியாகக் காட்டியது. மின்சாரம் தாக்கிய அட்டை உடனே சாகவேண்டுமென்பதில்லை. அடிபட்டதைக் காட்டாமல் கொஞ்ச நாள் ஓடும். மறுவாரம் ஒரு நிறுவனம் எங்கள் ஆய்வகத்தில் இறுதியாண்டு மாணவர்களுக்கு வேலைக்கான இணையத் தேர்வு நடத்தியது. சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த பிள்ளைகள் இருந்தார்கள். தேர்வின் நடுவே பெட்டி தானாக அணைந்து தானாக எழுந்தது. மூன்று முறை. வந்தவர்கள் தேர்வை நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் வேறு கல்லூரியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை நான் மட்டும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. வெள்ளைத் துணியால் அட்டையையும் அதன் பள்ளத்தையும் துடைத்தேன். துணியில் சிவப்பே இல்லை. பழைய அட்டையைத் திரும்பப் போட்டேன். பெட்டி நிற்காமல் ஓடியது. வேறு நிரூபணம் தேவைப்படவில்லை.

மறுநாள் தாளாளர் அறையில் நானும் மேலாளரும் உட்கார்ந்திருந்தோம். உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று தாளாளர் என்னிடம்தான் கேட்டார்.

"குங்குமம் உள்ள போயிருக்கலாம்" என்றேன்.

மேலாளர் உடனே பிடித்துக்கொண்டார். "அதுங்களுக்கு நம்ம பூஜையப் பத்தி என்னாங்க தெரியும்? அள்ளிக் கொட்டியிருக்கும்."

அவர் மேலாளரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "மூடி மேல மட்டுந்தானுங்களே சார் வெச்சேன். நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே."

"நான் சரியா கவனிக்கலம்மா" என்றேன்.

மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள். ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஓட்டவும் செய்தேன். இதற்கு மேல் ஒரு காரணத்தைத் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

இப்போது தருமபுரியில் தனியாக இருக்கிறேன். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மருந்து சாப்பிட்டீர்களா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். சில நாள் பால்காரரிடம் பேசியதோடு என் பேச்சு முடிந்துவிடும். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்தபோது சொல்லாமல், யாரும் இல்லாதபோது சமையலறையில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

உண்மையை ஒப்புக்கொண்டு போன மாதம் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொடுப்பதற்கு முன் அந்த உதவியாளரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பாப்பிரெட்டிப்பட்டியில் இ-சேவை மையம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பஸ் ஏறிப் போனேன். வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். கண்ணாடி போட்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"உக்காருங்க சார். சாதிச் சான்றா, வருமானமா?"

"எதுவும் இல்லம்மா" என்று கடிதத்தைக் கொடுத்தேன்.

கூட்டம் குறைந்த பிறகுதான் படித்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க சார். மறுநாள் காலைல மெமரி அளவு பழையபடி காட்டுச்சு. பழைய அட்டையப் போட்டதும் ஓடுச்சில்ல."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"தாளாளரு கேட்டது உங்களையில்லீங்க? என்னைய யாரு கேட்டா?" விசைப்பலகையை ஓரமாகத் தள்ளினார். "எங்கப்பா சாவற வரைக்கும் கேட்டுட்டு இருந்தாருங்க. நெசமாவே நீ வேணும்னு கொட்டலயா, சாமி காரியத்துல வம்பு பண்ணலயான்னு. ஊர்ல அப்படித்தான் பேசிக்கிட்டாங்க."

அவர் பேனாவை எடுத்து, கடிதத்தில் ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். 'என் கவனக்குறைவால்' என்று எழுதியிருந்தேன்.

"பட்டை கட்டாதது கவனக்குறைவுதானுங்க. ஆபீஸ் ரூம்ல சொன்னது கவனக்குறைவு இல்லீங்களே. அங்க கவனமாத்தான் பேசுனீங்க."

அவர் மேஜையிலேயே திருத்தி எழுதினேன். 'அவர் மூடியின் மேல் மட்டுமே வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்க்கவில்லை என்று அறிந்தே பொய் சொன்னேன்.' அவரே தட்டச்சு செய்து இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார்.

கல்லூரியில் இப்போது பழைய தாளாளரின் மகன். மேலாளர் அதே ஆள்தான், தலை நரைத்திருந்தது. படித்துவிட்டுச் சிரித்தார். "அந்தப் பொட்டிய காயலாங்கடைக்கே போட்டாச்சுங்க. வயசான காலத்துல எதுக்குங்க இதெல்லாம்? அந்தம்மா வேலை கேக்குதா?"

"அவங்க ஒண்ணும் கேக்கல. நான் சொன்னது பொய்னு உங்க ஃபைல்ல இருக்கணும். நீங்க அன்னிக்குச் சொன்னதும் அதுல இருக்கு, படிச்சீங்களா?"

சிரிப்பு நின்றது. முக்கால் மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, இன்னொன்றில் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் மையத்துக்குப் போனேன். மதியம், கதவைப் பாதி இறக்கியிருந்தார். முத்திரையைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா வூட்டுல இருக்குதுங்க சார். அதுக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் படிச்சுக் காட்டணும்."

"நானும் வரட்டுமாம்மா? நானே சொல்றேன்."

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"வேண்டாங்க சார். கடுதாசி போதும்."