ஜீப்பின் முன்பாதி

என் கணவர் சரவாக் பக்கம், கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்கிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை லீவில் கெலுகோர் வீட்டுக்கு வருவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவருக்குமே கூச்ச சுபாவம். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் உப்பு, உறைப்பு தவிர வேறு பேச்சு வராது.

யாரிடமோ வாங்கிய பழைய ஜீப்பில் ஏறி பாலிக் பூலாவ் மலைப்பாதையில் போகும்போது மட்டும் பேச்சு வரும். இரண்டு பேர் கண்ணும் ரோட்டில் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, அதனால்தான் என்று நினைக்கிறேன். அவருடைய அம்மா இறந்த துக்கத்தை அவர் என்னிடம் சொன்னது, ஒரு வளைவில் கியர் மாற்றிக்கொண்டே.

போன லீவு முடியும்போதே ஸ்டீரிங் ஆடத் தொடங்கியது. அவர் போன பிறகு மோசமாகிவிட்டது. நேராகப் போவதற்கே ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெலுத்தோங் பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்டீரிங் கம்பியை முன்சக்கரத்தோடு சேர்க்கும் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டதாம்.

"மாத்தாம ஓட்டாதீங்கக்கா. மலையில கழண்டுச்சுனா நேரா கீழதான்."

போனில் கணவரிடம் சொன்னேன்.

"பழைய வண்டி, சாமான் கெடைக்காது. வித்துருவோம். சின்ன கார் ஒண்ணு பாத்துக்கலாம்."

சரி என்று வைத்துவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. சின்ன காரிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். இருந்தாலும் அதில் எங்களுக்குப் பேச்சு வரும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் லீவில் வருவதற்குள் ஜீப்பை ஓடவைத்துவிட நினைத்தேன்.

டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஆண்களாக நிற்கும் கவுண்டரில் என் குரல் எனக்கே கேட்காது. வண்டியின் மாடலையும் வருஷத்தையும் சொன்னால் ஒரு பெட்டியை எடுத்து வைப்பார்கள். பட்டறையில் போட்டுப் பார்த்தால் ஜாயிண்டின் முனை துளைக்குள் லொடலொடவென்று ஆடும். வேறு கடையில் வாங்கினாலும் அதே ஆட்டம்தான். கடைசியில் பட்டறைக்காரர் பழைய ஜாயிண்டையே கழற்றிக் கையில் கொடுத்தார்.

"இதக் காட்டிக் கேளுங்கக்கா. வாயால சொல்லி இனி வேலைக்காகாது."

எனக்கு பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. கிரீஸ் வழியும் ஜாயிண்டைத் தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வேலை முடிந்ததும் கூட வேலை செய்யும் ஓர் அக்கா என்னை சிம்பாங் அம்பாட் அருகே ஒரு ஹாப்கட் கடையில் இறக்கிவிட்டார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவரும் வண்டிகள் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும்.

கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம், என் வயதுதான் இருக்கும். ஜாயிண்டைத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வண்டிக்கா?"

சொன்னேன்.

"அந்த வண்டியா இருக்காது."

"அதான்ண்ணே வண்டி. பட்டறையில நிக்குது."

"பின்னாடி அதுவா இருக்கும். முன்னாடி இருக்கறது பெரிய ஜீப்போட ஆக்சில்க்கா. யாரோ ஹாப்கட் வாங்கி மாத்திட்டான். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைய நல்லா விசாரிக்கலியா?"

"நான் கட்டுனது ஜீப்ப இல்லண்ணே," என்றேன்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ! அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே வேலை செய்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் காது சூடாகிவிட்டது.

அங்கே கிடந்த பாதி வண்டி ஒன்றிலிருந்து கழற்றித் தர முடியுமா என்று கேட்டேன். ஸ்டீரிங் சாமான் மட்டும் பழசு போடக்கூடாது என்று சொல்லி, பெரிய ஜீப்புக்கான புது ஜாயிண்ட் ஒன்றை எடுத்துப் பழையதோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். இரண்டு முனைகளும் ஒரே பருமன்.

மறுநாள் பட்டறையில் அது சிக்கென்று உட்கார்ந்தது. கணவரிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவரே முந்திக்கொண்டு கூப்பிட்டார். அவருக்கு மாற்றாக வர வேண்டியவர் வரவில்லை, லீவு தள்ளிப்போகிறது, எப்போது என்று தெரியாது. சரிங்க என்றேன். ஜீப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே ஜீப்பை எடுத்தேன். என் கைகள் பழைய பழக்கத்தில் ஸ்டீரிங்கை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே இருந்தன. இப்போது வண்டி ஒவ்வோர் அசைவுக்கும் உடனே திரும்பியது. நேர் ரோட்டில் கோணல்மாணலாகப் போனேன். கையைச் சும்மா வைத்திருக்கப் பழக மலையடிவாரம் வரை ஆயிற்று. எப்போதும் நான் உட்காரும் இடம் காலியாக இருந்தது. எதிரே லாரி வந்தால் அவர் முணுமுணுவென்று திட்டுவார். அன்று நிறைய லாரிகள் வந்தன.

மேலே, டுரியான் பழக் கடைகளின் ஓரமாக நிறுத்தியபோது போன் வந்தது.

"எங்க இருக்க? ஒரே சத்தமா கேக்குது."

"மலை மேல. ஜீப்புல."

"எந்த ஜீப்பு?"

"நம்ம ஜீப்புதாங்க. சாமான் கெடச்சிருச்சு."

"நேரா போகுதா?"

"போகுது."

கண்ணாடிக்கு வெளியே ரோடு வளைந்து கீழே இறங்குவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீங்க இல்லாம நல்லாவே இல்லங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் சொன்னதில்லை. அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் என்று மெதுவாக ஆரம்பித்தார். அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. நான் இன்ஜினை அணைத்தேன்.